ஜன்னல் கம்பியை அழித்தவருக்கு

மாமா,

இன்று காலை மடிக்கணினியைத் திறந்து மவுஸைப் பிடித்ததும் தைல வாடை வந்தது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. ஈரத்துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டும் துடைத்துப் பார்த்தேன். அது எங்கோ உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை கொஞ்சம் வியர்த்தால் போதும், கிளம்பி வந்துவிடுகிறது. உங்கள் வலது கைக்குத் தேய்த்த தைலம் என் கையிலிருந்து உங்கள் இடது கைக்குப் போய், அங்கிருந்து மவுஸில் ஏறியது. இடது கைக்குத் தோதாகப் பொத்தான்களை மாற்றி வைத்தோமே, அதையும் நான் இன்னும் திருப்பி வைக்கவில்லை. தினமும் தப்பான பொத்தானை அழுத்திவிட்டு உங்களைத்தான் திட்டுகிறேன். பழைய பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

மடிக்கணினியைத் திறந்தது மேட்டூரில் எடுத்த படங்களை ஏற்றுவதற்காக. ஆமாம், மேட்டூருக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நேராக அங்கே போனால் உங்களுக்குப் பிடிக்காது. "இடையில குதிக்காத சாமி, மொதல்ல இருந்து வா" என்பீர்கள். சரி, முதலில் இருந்தே வருகிறேன்.

பக்கவாதம் வந்து நீங்கள் விழுந்தபோது நான் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர், உங்கள் மகன், ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலம். என் மகள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருந்தாள். உங்களை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கூடிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். உங்கள் மகன் போனில், ஆபீசுக்கு இரண்டு மாதம் லீவு சொல்லச் சொன்னார். அந்த இரண்டு மாதம் நீண்டுகொண்டே போனது. ஆபீசில் இருந்து முதலில் வாரம் ஒரு முறை கூப்பிட்டார்கள், பிறகு பண்டிகைக்கு வாழ்த்து மட்டும் வந்தது.

அந்த நாட்களில் உங்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கஞ்சி ஆறினால் கிண்ணத்தைத் தள்ளிவிடுவீர்கள். சூடாக இருந்தாலும் தள்ளிவிடுவீர்கள். நான் கொல்லைப்புறம் துணி காயப்போடப் போன நேரம் பார்த்துத்தான் உங்களுக்கு எல்லாம் வரும். பாதி இந்தியாவை ரிக் வண்டியில் சுற்றிய மனிதர், முன்னறைக் கட்டிலில் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது. நீங்கள் கட்டிலை விட்டு இறங்க முடியாதவர், நான் உங்களை விட்டு நகர முடியாதவள். மூலைக் கடைக்குப் போனால்கூட ஓடிப்போய் ஓடி வருவேன். ஒரே அறையில் இரண்டு பேர் அடைபட்டால் ஒருவர் மீது ஒருவர் விழுந்து பிடுங்காமல் இருப்பதே பெரிய காரியம்.

கேமரா உங்கள் மகன் வாங்கியது. வடக்கே எடுத்துப் போனால் போர்வெல் தூசி நாசம் பண்ணிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ஒரு நாள் நீங்கள் தாடையால் பீரோவைக் காட்டி, "அந்தப் பொட்டிய எடு" என்றீர்கள். ஏதோ பத்திரம் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். கேமராவை எடுத்துக் கொடுத்ததும் இடது கையால் தடவிப் பார்த்தீர்கள். பிறகு ஜன்னலைக் காட்டினீர்கள்.

நான் எழுந்து போய், லென்ஸைக் கம்பிக்கு நடுவில் வைத்து ஒரு படம் எடுத்தேன். கம்பி இல்லாமல் சுத்தமாக வந்தது. நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு நான் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டாம், எடுக்கும்போதே பார்க்க வேண்டும். எனவே கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, உங்கள் கண்ணுக்கு நேராகக் கேமராவை நிறுத்தினோம். அதோடு கம்பியும் வந்து சேர்ந்தது. குச்சிக்கிழங்குக் காடு, கிணற்று மேடு, பனைமரம், தூரத்தில் சங்ககிரி மலை, எல்லாவற்றின் குறுக்கிலும் கம்பி.

அந்தக் கம்பி உங்கள் கைங்கரியம்தான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லி, விரல் தடிமனுக்குக் கம்பி அடித்து வாங்கி மாட்டியிருக்கிறீர்கள். திருடன் வந்தாலும் வெல்டிங் செட்டோடுதான் வர வேண்டும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியதாக அத்தை சொல்லிச் சிரிப்பார்கள். முதல் நாள் படங்களைப் பார்த்துவிட்டு நீங்களும் சிரித்தீர்கள். வாய் ஒரு பக்கம் இழுத்த பிறகு நீங்கள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கம்பியைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது நீங்கள். போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினீர்கள். நல்லதாக இருந்ததெல்லாம் இந்தியில் இருந்தது. ரிக் வண்டியில் கற்ற இந்தி உங்களுக்கு அப்போது கை கொடுத்தது. மென்பொருளில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், அது என் பாடு. நீங்கள் இந்தியைக் கேட்டுக் கொங்குத் தமிழில் எனக்குச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அந்தப் பொத்தானைத் தேட, நடுவில் அந்த வீடியோக்காரர் எங்களை விட்டுவிட்டு எங்கோ போய்விடுவார். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் நன்றாக இருந்தது. யாரும் யாருக்கும் வாத்தியார் இல்லை, சண்டை மட்டும் சரிசமமாக நடந்தது.

கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் இலையையும் வானத்தையும் நகல் எடுத்து, கம்பிமேல் அப்பி மூட வேண்டும். சொல்வதற்கு எளிது. உங்கள் கை போட்ட போடு இருக்கிறதே, ஒரு பனைமரத்துக்கு நடுவில் தண்டையே காணோம், தலை மட்டும் வானத்தில் நின்றது. ஒரு மயிலுக்கு மூன்று கால். இன்னொன்றுக்குக் கழுத்திலிருந்து சங்ககிரி மலை முளைத்திருந்தது. நான் சிரித்தால் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பீர்கள். திரும்பிப் படுக்கவும் நான்தான் பிடித்துவிட வேண்டும், அதனால் உங்கள் கோபத்துக்கும் நானே ஒத்தாசை.

எனக்குக் கம்பியை எடுப்பதில் முழுச் சம்மதம் இல்லை. இருப்பதை இல்லையென்று காட்டுவது பொய்தானே என்று கேட்டேன்.

"கம்பி அங்கதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா சாமி? நாளெல்லாம் அதத்தான் பாத்துட்டு கெடக்கறேன். படத்துலயாச்சும் இல்லாம இருக்கட்டும்."

நான் அடுத்த கம்பியைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அந்த மயில் படம் உங்களுக்கு நினைவிருக்கும். விடிந்தும் விடியாத நேரம், மலைக்குப் பின்னால் வெளுப்புத் தட்டிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் ஒரு ஆண் மயில் தோகையைத் தொங்கப் போட்டு நின்றது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டே எடுத்தேன். படத்தில் கம்பிகள், கீழே காம்பவுண்டுச் சுவர், சுவரை ஒட்டிய கொடியில் உங்கள் வேட்டி. நீங்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டு நாள் கணக்கில் வேலை செய்தீர்கள். கம்பி போனது. வேட்டி போனது. சுவர் போன இடத்தில் கிழங்குச் செடியை நட்டு வளர்த்தீர்கள். இருட்டாக இருந்த இடத்தைத் தூக்கி, வானத்தில் கொஞ்சம் செம்மை ஏற்றினீர்கள். முடிவில் பார்த்தால், கிணற்று வரப்பில் மயிலுக்குப் பத்தடி தூரத்தில் நின்று எடுத்த படம் போலவே இருந்தது. எனக்கே ஒரு நிமிடம் நான் அங்கே நின்றதாகத் தோன்றியது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைக்க மாட்டேன்.

உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டீர்கள், "எங்க மருமக எடுத்த படம்" என்று. வேலை செய்தது நீங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. மத்தியானம் சின்னத்தை, உங்கள் தம்பி சம்சாரம், எனக்கு போன் செய்தார்கள்.

"ஏங்கண்ணு, அவ்வளவு வெடியால கெணத்து மேட்டுக்குப் போயிருக்கறயே, மாமனுக்கு அவசரம்னா யாரு பாப்பா?"

வீட்டுக்குள் இருந்து எடுத்தது என்றேன். நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. அந்தக் காட்டில் களை எடுத்து, அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தி வாழ்ந்தவர்கள் அவர்கள். முன்னறை ஜன்னலில் பார்த்தால் கம்பியும் சுவரும் தெரியும், கிணற்று மேடு பாதிதான் தெரியும் என்பது ஒவ்வொருவருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும். சுவர் இல்லாத படம் வந்தால் எடுத்தவள் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். கணக்கு சரிதான். அன்று பொழுது சாய்வதற்குள் மருமகள் மாமனாரைத் தனியாகப் போட்டுவிட்டு விடியற்காலையில் மயில் பின்னால் அலைகிறாள் என்று சொந்தம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மேட்டூர்ப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சூரமங்கலத்தில் ரயில்வே வேலையில் இருக்கும் சிலரும் இன்னும் சிலரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். இணையத்தில் அவர்கள் படங்களைப் பார்த்துப் பழக்கமானேன். அணை நிறைந்திருக்கிறது, பெண்களும் வருகிறார்கள், வாருங்கள் என்று அழைத்தார்கள். ஒரே ஒரு நாள். உங்கள் மகள் ராசிபுரத்திலிருந்து வந்து உங்களுடன் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். உங்கள் மகனும் "செரி, பாக்கலாம்" வரைக்கும் வந்திருந்தார். அவரிடமிருந்து அந்த வார்த்தை வருவதே கோயிலில் பூக் கேட்டுச் சாமி உத்தரவு கொடுத்த மாதிரி.

மயில் படம் போன மறுநாள் அவர் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. தினமும்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாயே, இதில் மேட்டூர் வேறு எதற்கு என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, "அப்பாவ உட்டுட்டுப் போகாத, அவ்வளவுதான் நாஞ் சொல்றது" என்று வைத்துவிட்டார். உங்கள் மகளும் மாமியாருக்கு உடம்புக்கு ஆகவில்லை, வர முடியாது என்றாள்.

நான் சமையலறையில் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நின்றேன். அன்றைக்குப் பேசிய மாதிரி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

"நீங்க கம்பிய அழிச்சதுக்கு நான் உள்ள கெடக்கோணுமுங்களா மாமா?"

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் தைலம் தேய்க்க வந்தால் வலது கையை இடது கையால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். எல்லோரையும் வீடியோ காலில் கூப்பிடு, அப்புறம்தான் கை கொடுப்பேன் என்று அடம். சின்னத்தை, உங்கள் மகள், மத்தியப் பிரதேசத்தில் இருந்து உங்கள் மகன், எல்லோரும் குட்டிக் குட்டிக் கட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் ஜன்னலைக் காட்டச் சொன்னீர்கள். பிறகு பழைய படத்தைக் காட்டச் சொன்னீர்கள், கம்பியும் சுவரும் வேட்டியுமாக. பிறகு மாற்றிய படத்தை. பிறகு அவர்கள் கண் முன்னாலேயே இடது கையால் ஒரு கம்பியைப் பாதி அழித்துக் காட்டினீர்கள். சின்னத்தை "அட" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் போனை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடிக்கச் சொன்னீர்கள். வாய் கோணுவதால் யாருக்கும் முகம் காட்டாதவர் அன்று காட்டினீர்கள். சொல் குழறியது, ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

"அவ எங்கயும் போகல. போகாததுதான் தப்பு. அனுப்பி வெய்யுங்க."

அவர்கள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டார்கள் மாமா. போகவில்லை என்றதும் எல்லோருக்கும் நிம்மதி. உங்கள் மகன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில், நல்ல வேளை நீ வீட்டில்தான் இருந்திருக்கிறாய் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வீட்டில்தான் இருந்தேன். அணையில் தண்ணீர் வந்தது, போனது.

அதன்பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அந்த வீட்டில் கம்ப்யூட்டரில் எதை வேண்டுமானாலும் பண்ணித் தருகிறார்கள் என்று பேர் பரவிவிட்டது. சின்னத்தை தாஜ்மகால் முன்னால் நிற்க வேண்டும் என்று தன் படத்தை அனுப்பினார்கள். நீங்கள் முறைத்தீர்கள், பிறகு நிறுத்திக் கொடுத்தீர்கள். நிழல் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். அவர்கள் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எப்போது ஆக்ரா போனீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லாமல் காபி போடப் போய்விடுவார்களாம்.

நம் படங்களில் மட்டும் நீங்கள் அப்புறம் கம்பியைத் தொடவே இல்லை. வெளிச்சத்தைச் சரி செய்வீர்கள், நிறத்தைச் சரி செய்வீர்கள், கம்பி அப்படியே இருக்கும். நான் ஒரு முறை எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று கையை ஆட்டினீர்கள். என்மீது வருத்தமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சடங்குகளுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகப் பார்த்துக்கொண்டாய், இனியாவது கொஞ்சம் காலாற வெளியே போய் வா என்றார்கள். நானும் நம்பினேன். உங்களுக்காக அழுதுகொண்டே, மனத்தின் ஒரு மூலையில் எந்தப் பஸ் எத்தனை மணிக்கு என்று நினைத்தேன். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

உங்கள் மகன் ரிக்குக்குத் திரும்புவதற்கு முன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஊட்டப் பூட்டிப் போட்டுட்டு எங்கயும் போயராத. ஆளில்லாத ஊடுன்னு தெரிஞ்சா அப்பறம் ஒண்ணும் மிஞ்சாது."

நீங்கள் இருந்தபோது நீங்கள் இருந்ததால் போக முடியவில்லை. இப்போது நீங்கள் இல்லாததால் போக முடியவில்லை. லாரி ஆபீசில் என் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருக்கிறாள். திருச்செங்கோட்டில் ஒரு வேலை இருப்பதாகச் சொன்னேன், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. வெயிலிலும் தூசியிலும் கிடக்கிறார், வீட்டில் விளக்கு எரிகிறது என்ற நினைப்பில் அங்கே தூங்குகிறார். அந்த விளக்கை ஏற்ற ஒரு ஆள் வேண்டும், அது நான்.

போன வாரம் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வீட்டைப் பூட்டினேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சங்ககிரி வந்து, எடப்பாடி வழியாக மேட்டூர். பஸ்ஸில் ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த முகம் ஏறிவிடுமோ என்று முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு இந்தப் பிழைப்பு.

அணைக்குக் கீழே ஆற்றுப் படித்துறையில் இறங்கினேன். தண்ணீர் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட பரிசலின்மேல் ஒருவர் வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். என் முன்னால் ஒன்றுமே இல்லை மாமா. கேமராவை எங்கே திருப்பினாலும் ஒன்றும் குறுக்கே வரவில்லை. கொஞ்ச நேரம் எதை எடுப்பது என்றே தெரியாமல் நின்றேன்.

அங்கிருந்தே ஒரு படத்தை போனுக்கு மாற்றிப் பங்காளிகள் குழுவில் போட்டேன். ஏன் போட்டாய் என்பீர்கள். மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் போட்டேன். திட்டு வரட்டும், சண்டை வரட்டும், போயிருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

கும்பிடும் கைகள் வந்தன. சின்னத்தை குரல் பதிவு அனுப்பினார்கள், மாமன் இருந்திருந்தால் பூரித்துப் போயிருப்பார், அவரைவிட நீ நன்றாகப் பண்ணுகிறாய் என்று. உங்கள் மகன் போன் செய்தார்.

"பிரமாதமாப் பண்ணியிருக்கற. தண்ணி நெசமாட்டவே இருக்குது. கம்பி இருந்த தடமே தெரியல."

"நான் மேட்டூர்லதானுங்க நிக்கறேன்."

அவர் சிரித்தார். மனம் விட்டுச் சிரித்தார், அப்படி அவர் சிரித்துக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. "செரி செரி, மீன் வாங்கிட்டு வந்துரு" என்றார். வைப்பதற்கு முன் ஆசையாகவே சொன்னார்: "இவ்வளவு பண்ணத் தெரிஞ்சவ நீ இனி எங்கயும் போகவே வேண்டியதில்ல. ஊட்டுல உக்காந்தே உலகத்தப் பாத்துக்கலாம்."

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இனி நான் எங்கே போனாலும் போகாதவள்தான். இமயமலைக்கே போய் நின்றாலும் முன்னறையில் உட்கார்ந்து பண்ணியது என்பார்கள். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்போதுதான் நீங்கள் செத்துப்போனது எனக்கு முழுசாக உறைத்தது மாமா. சடங்கின்போது அழுததெல்லாம் அழுகையே இல்லை.

இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருந்தால் பெரிதாக்கி, பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடியிருப்பீர்கள். ஒட்டுப் போட்ட இடம் எங்கும் கிடைக்காமல், மவுஸை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்திருப்பீர்கள். அப்புறம் வேறு யாருமே கேட்காததைக் கேட்டிருப்பீர்கள், தண்ணீர் எப்படி இருந்தது என்று.

அதற்கான பதிலை ஒரு வாரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறேன். காலை நனைத்தேன். நல்ல குளிர்.